காக்கிக் கோட்டும் கவலை எருதுகளும்

அக்கிராசனம் வகிக்கும் அருங்குணச் செல்வர் சீனிவாசலு அவர்களே! பீளமேட்டுப் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாக ஓடி வந்திருக்கும் அன்னைமார்களே! உங்கள் அனைவருக்கும் இந்தச் செங்கோட்டையனின் வந்தனம்.

ஐரோப்பிய மகாயுத்தத்தில், பாக்தாத் பாலைவனத்தில், பட்டாளத்துப் பாரம் சுமந்த கோவேறு கழுதைகளை ஓட்டிய வீரர், இதோ மேடையில் விறைப்பாக வீற்றிருக்கும் பொங்கியண்ணன். என்னைப் பெற்றவர். அவருக்கு மாலை போடத்தான் இந்தக் கூட்டம். குண்டடி பட்டாரா என்கிறீர்களா? இல்லை ஐயா, கழுதையிடம் உதைபட்டார்!

யுத்தம் ஓய்ந்தது. எங்கள் வீடு ஓய்ந்ததா? கன்றிலிருந்து வளர்த்த எருதுகள் இரண்டுக்கும் கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கவலையில் டிரில் சொல்லிக் கொடுத்தார். ‘குயிக் மார்ச்’ என்றால் சால் நிறையத் தண்ணீரை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கும். ‘பேக்’ என்றால் பின்னாலேயே ஏறும். அதுவும் அவர் காக்கிக் கோட்டு போட்டு நின்றால்தான்!

“ஏனுங்க, நாளைக்கு நீங்க படுத்துட்டா இதுகளை ஆருங்க ஓட்டறது?” என்றார் என் தாயார் பாவாத்தாள்.

“சிப்பாய் படுக்க மாட்டான் புள்ளே!”

படுத்தார்! சென்ற பங்குனியில் காய்ச்சலில் படுத்தார். பருத்தி வாடியது. அது போனால் எங்கள் வருஷத்துச் சோறு போச்சு. நான் கத்தினேன், எருதுகள் நகரவில்லை. பக்கத்துத் தோட்டத்துப் பங்காரு அண்ணன் சாட்டையை ஓங்கினார். எருது கொம்பை ஓங்கியது. அண்ணன் வேலி தாண்டினார். சிரிக்காதீர்கள், அவரும் இங்கேதான் இருக்கிறார்!

அப்போது வந்தார் என் அன்னை! சேலைமேல் காக்கிக் கோட்டை மாட்டிக் கிணற்று மேட்டில் நின்று, “குயிக் மார்ச்சுங்க!” என்றார். எருதுக்கும் மரியாதை! எருதுகள் நடந்தன. வாய்க்காலில் தண்ணீர் ஓடியது.

தள்ளாடி வந்த அப்பா வாயைப் பிளந்தார். “கவலை ஓட்ட எப்பப் புள்ளே பழகுனே?”

“நீங்க பட்டாளத்துல இருந்தப்ப இங்க ஆருங்க ஓட்டுனது? பாக்தாத்து ராசாவா?”

 

சபையோர்களே! சண்டைக்குப் போனவருக்குச் சம்பளம் வந்தது, சன்மானம் வந்தது. கைக்குழந்தையோடு பருத்திக் காட்டைக் காத்தவருக்கு என்ன வந்தது? கையெல்லாம் காய்ப்பு வந்தது! ஆகவே அந்த மாலையைத் தாய்மார் பக்கம் கொண்டுபோங்கள்!

அட, அப்பாவே எடுத்துக்கொண்டு இறங்குகிறார்! பார்த்து இறங்குங்கப்பா! அம்மா, ஓடாதீங்கம்மா! மாலையை அம்மா மடியில் வைத்துவிட்டு, சல்யூட் அடித்தபடி நிற்கிறார் ஐயா, நிற்கிறார்! “ஊரே பாக்குது, போய் உக்காருங்க!” என்கிறார் அம்மா. உட்கார்ந்துவிட்டார் சிப்பாய், அங்கேயே, அம்மாவின் பக்கத்திலேயே!

கைதட்டிய கைகளுக்கெல்லாம் என் நன்றி. அந்த இருவருக்கும் என் வந்தனம்.