பதினேழு ஒன்றுகள்

டீயில் சர்க்கரை போடவில்லை. உங்களுக்குப் பிடிக்காது என்று தங்கை முன்பு சொல்லியிருக்கிறாள். அவள் சாவுக்குத் துக்கம் கேட்க வந்த நீங்கள் அவளுடைய நோட்டுகளைக் கேட்டதுமே, எதைத் தேடி வந்திருக்கிறீர்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. நீங்கள் தேடும் பக்கத்தில் ஒரு அட்டை செருகி வைத்திருக்கிறேன்.

ஒன்று என்ற இலக்கத்தைப் பதினேழு முறை வரிசையாக எழுதினால் வரும் எண். ஒன்றையும் அந்த எண்ணையும் தவிர வேறு எதுவாவது அதை மீதியில்லாமல் வகுக்குமா என்பதுதான் அவள் கேள்வி. அப்படி வகுக்கும் எண்ணை முப்பத்துநாலால் வகுத்தால் மீதி ஒன்று வந்தாக வேண்டும் என்று இருபது வயதிலேயே நிரூபித்துவிட்டாள். அதனால் முப்பத்தைந்து, அறுபத்தொன்பது, நூற்றுமூன்று என்று முப்பத்துநாலு கூட்டிக் கூட்டிப் பட்டியல் எழுதுவது என் வேலை. நாளுக்கு நாற்பது எண்களால் வகுத்துப் பார்ப்பது அவள் வேலை. கையால்தான். "மிஷின் சொன்னா அது என் விடை இல்லண்ணா" என்பாள்.

நீங்கள் தெருவை அளக்க வந்த சர்வேயர். அவளையும் அளந்துவிட்டுப் போகிறார் என்று நான்கூடக் கேலி செய்தேன். நீங்கள் பெண் கேட்டபோது சிரித்துக்கொண்டே சொன்னாள்: "இந்த எண்ணை வகுத்து உடைச்சிட்டு வரேன். அதுவரைக்கும் காத்திருப்பீங்களா?" தலையாட்டினீர்கள்.

அப்பா அம்மா போனபிறகு அந்த வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவளும் போய்விட்டால் நான் யாருக்குப் பட்டியல் எழுதுவது? அன்றுமுதல் ஆபீசில் சாப்பாட்டு இடைவேளைகளில், அவளுக்கு முன்பாகவே நான் வகுத்துப் பார்த்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை மீதி பூஜ்யம் வந்தது. 20,71,723. நான்கு முறை சரிபார்த்தேன்.

அட்டை இருக்கும் பக்கத்தைப் பாருங்கள், மிஷின் உங்களுக்குச் சொன்ன எண் அதில் இல்லை. 20,71,689க்கு அடுத்தது 20,71,757. அங்கே மட்டும் அறுபத்தெட்டு கூடியிருக்கிறது. கை தவறி எழுதியதல்ல. என் கூட்டல் ஒருநாளும் தவறியதில்லை. அதனால்தான் அவள் என் பட்டியலைச் சரிபார்த்ததே இல்லை.

நீங்கள் ஆறு வருடம் காத்திருந்தீர்கள். உங்களைக் குறை சொல்ல மாட்டேன். உங்கள் கல்யாணப் பத்திரிகை வந்த அன்றும் நாற்பதையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். அதற்குப் பிறகு இருபத்தாறு வருடம். அந்த ஒரு வரியை விட்டுவிட்டால் தேடி முடிக்க இருநூறு வருடத்துக்கு மேல் ஆகும் என்று எனக்குத் தெரியும்.

"எங்கயோ தப்பு விட்டுட்டேன் போலண்ணா."

"உன் கணக்குல ஒரு தப்புகூட இல்லம்மா."

அதில் பொய் இல்லை. அவளுக்குக் கண் மங்கியபிறகு நான் எண்களை வாசிப்பேன், அவள் மனதுக்குள்ளேயே வகுப்பாள். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இது உடையாத எண்தான் போலிருக்குண்ணா. பாவம், அவரை வீணா காக்க வச்சிட்டேன்." ஏழு இலக்கம் சொன்னால் போதும். தலையணையைச் சரிசெய்துவிட்டு, தூங்கச் சொன்னேன்.

நோட்டுகளை எடுத்துப்போங்கள். யாரிடம் காட்ட வேண்டுமோ காட்டுங்கள், நான் மறுக்கமாட்டேன். ஒன்றை மட்டும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பூஜ்யம் வந்திருந்தாலும் அவள் என்னை விட்டுப் போயிருக்கமாட்டாள். அதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை.