மூணு சீட்டு, ஒரே வார்த்தை

நர்ஸ்: அந்தத் தச்சரை வீட்டுக்கு அனுப்பாதீங்க டாக்டர்.

டாக்டர்: வாய்வுத் தொல்லை சிஸ்டர். மாத்திரை எழுதிட்டேன். அடுத்த ஆளைக் கூப்பிடுங்க.

நர்ஸ்: மூணு நாள்ல மூணாவது தடவையா வர்றாரு.

டாக்டர்: மூணு தடவையும் அதேதான எழுதியிருக்கு. திங்கக்கிழமை வாய்வு, செவ்வாய்க்கிழமை வாய்வு...

நர்ஸ்: செவ்வாய்க்கிழமை பாத்தவரு திங்கக்கிழமை சீட்டைப் பாத்து எழுதினாரு. நீங்க ரெண்டையும் பாத்து எழுதியிருக்கீங்க. மூணு பேர் சொன்ன மாதிரி இருக்கு. சொன்னது ஒருத்தர்தான்.

டாக்டர்: நான் வயித்தை அமுக்கிப் பாத்துட்டுத்தான் எழுதினேன்.

நர்ஸ்: எங்க வலின்னாரு?

டாக்டர்: ...தொப்புள்கிட்ட.

நர்ஸ்: அது முதல் நாள். இப்ப வலது பக்கம் கீழ இறங்கிடுச்சு. வராந்தாவுல குனிஞ்சபடியே நிக்கிறாரு, நிமிர முடியல.

டாக்டர்: வெளிய இன்னும் நாப்பது பேர் இருக்காங்க...

நர்ஸ்: நாப்பது பேரும் என்னைத்தான் திட்டுவாங்க. வாங்கிக்கிறேன். ஸ்கேனுக்கு ஒரு கையெழுத்துப் போடுங்க.

டாக்டர்: ஒண்ணுமில்லைன்னு வந்தா?

நர்ஸ்: எல்லார் முன்னாடியும் என்னை நிக்க வெச்சுக் கேளுங்க.

டாக்டர்: விடமாட்டீங்க போல...

நர்ஸ்: மாட்டேன்.

டாக்டர்: இந்தாங்க. வீல்சேர்ல கூட்டிட்டுப் போங்க.

*

நர்ஸ்: ஸ்கேன் ரூம்ல என்ன சொன்னாங்க டாக்டர்?

டாக்டர்: குடல்வால். வீங்கி வெடிக்கிற நிலைமையில இருக்கு. உடனே ஆபரேஷன், தியேட்டருக்குச் சொல்லிட்டேன். அந்த மாத்திரையோட வீட்டுக்குப் போயிருந்தா...

நர்ஸ்: போகலையே. விடுங்க.

டாக்டர்: எப்படி சிஸ்டர் அவ்வளவு பிடிவாதமா நின்னீங்க?

நர்ஸ்: திங்கக்கிழமை சீட்டுல அந்த வார்த்தை யாரோட எழுத்துன்னு பாத்தீங்களா?

டாக்டர்: இல்ல...

நர்ஸ்: என்னோடது. அன்னிக்கு இருந்த டாக்டர் பாக்கிறதுக்கு முன்னாடியே நான் எழுதிட்டேன். நல்ல கூட்டம். ரெண்டு தடவை ஏப்பம் விட்டாரு, அவ்வளவுதான் பாத்தேன். மறுநாளும் அதே வார்த்தையைப் பாத்ததும், பரவாயில்ல, சரியாத்தான் சொல்லியிருக்கோம்னு சந்தோஷமாக்கூட இருந்துச்சு. அவரோட சம்சாரம் வெளிய உக்காந்திருக்காங்க. என் தப்பைப் போய்ச் சொல்லப் போறேன்.

டாக்டர்: இருங்க, நானும் வர்றேன்.

நர்ஸ்: நீங்க எதுக்கு டாக்டர்? நீங்க அமுக்கிப் பாத்துட்டுத்தான எழுதினீங்க.

டாக்டர்: நான் அவர் வயித்துல கையே வைக்கல சிஸ்டர்.