ரோச்சின் வள்ளத்தில் இருந்த பெண்

தூத்துக்குடி, மார்ச் 1976

என் பெயர் சவேரியம்மாள், வயது 41, கணவர் பெயர் ரோச், திரேஸ்புரத்தில் குடியிருந்து வருகிறேன். என் கணவரைத் துடுப்பால் அடித்ததாக என் தம்பி சில்வெஸ்தர் மீது பதிவான வழக்கில் போலீசார் விசாரிக்க, யாரும் சொல்லிக்கொடுக்காமல் நானாகச் சொல்வது:

என் கணவர் சங்கு குளிப்பவர், கடலடியில் முங்கிச் சங்கு எடுப்பவர். எங்கள் கரையில், குளிக்கிறவர் இடுப்புக் கயிற்றை மேலேயிருந்து பிடிப்பது அவர் மனைவியின் உடன்பிறந்தான்தான். அக்காள் தாலியறுக்க எந்தத் தம்பியும் சம்மதிக்க மாட்டான் என்பது கணக்கு. என் தம்பியும் அப்படியே பிடித்து வந்தான். சென்ற வருடம் புதுத் துறைமுகத்தில் வேலை கிடைத்து அவன் கடலை விட்டான். நாற்பத்தாறு வயதாகிவிட்டது, இனிப் போதும் என்று கரையில் சொல்லி என் கணவரையும் நிறுத்திவிட்டார்கள்.

அதன் பின்பு அவர் வீட்டில் சும்மா இருந்தார். தலைக்கு மை தடவினார், பூப்போட்ட சட்டை தைத்தார், குழம்பில் உப்பு இருந்தும் இல்லை என்று சண்டை பிடித்தார். எவளோ ஒருத்தி இருக்கிறாள் என்றுதான் நானும் நினைத்தேன். கேட்டதற்கு, "ஒரே ஒருக்க முங்கித் தரையத் தொட்டுட்டு வரணும் ஏளா, அது போதும்" என்று அழுதார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் கண்டதில்லை. கயிற்றை நான் பிடிக்கிறேன் என்றேன். பெண்பிள்ளை வள்ளத்தைத் தொடக்கூடாது என்பது எங்கள் தெரு வழக்கம். ஆனால் சிறு பிள்ளையிலிருந்தே எனக்கு வள்ளம் ஏறும் ஆசை உண்டு. யாரிடமும் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

கடந்த செவ்வாய்க்கிழமை காலை எங்கள் சின்ன வள்ளத்தில் இருவரும் போனோம். அடியில் கொண்டுபோகக் கயிற்றில் கட்டியிருந்த கல்லில் கால் வைத்து அவர் இறங்கினார். சங்கு எதுவும் எடுக்கவில்லை. மேலே வர அவர்தான் கயிற்றை அசைக்க வேண்டும். அசைக்கவில்லை. கயிறு கனத்து நின்ற விதம் எனக்குப் பிடிக்காததால், அசைவுக்குக் காத்திராமல் இழுத்தேன். கண் செருகி வந்தார், ஒரு கை நிறைய மண் இருந்தது. குப்புறப் போட்டுத் தட்டியதில் மூச்சு வந்தது. என் உள்ளங்கை இரண்டும் உரிந்திருப்பதை இப்போது தங்களிடம் காட்டினேன். தம்பியாக இருந்தால் அசைவுக்குக் காத்திருப்பான் என்று நினைக்கிறேன்.

நான் முக்காடு போட்டிருந்ததால் தூரத்து வள்ளத்துக்காரர்களுக்கு முகம் தெரியவில்லை. ரோச் எவளையோ கடலுக்குக் கூட்டிப்போனார் என்று கரையெல்லாம் பேச்சாகிவிட்டது. அதன் பின்பு மறுநாள் சாயந்திரம் என் தம்பி வந்து, "யாரு மச்சான் அவ? எங்க அக்காவுக்கு என்ன கொறச்சல்?" என்று கேட்டான். என் கணவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆமா, ஒருத்தி இருக்கா. அதுக்கென்ன இப்ப?" என்றார். நான் வாயைத் திறக்குமுன், சுவரில் சாத்தியிருந்த துடுப்பை எடுத்து அடித்துவிட்டான்.

அதன் பின்பு ஆஸ்பத்திரியில் தலையில் கட்டோடு படுத்திருந்தவர், "வைப்பாட்டின்னே இருந்துட்டுப் போட்டும். பொண்டாட்டி கயிறு பிடிச்சான்னு தெரிஞ்சா கரையில நான் எப்படித் தல நிமிந்து நடக்க?" என்றார். வைப்பாட்டி வைத்தவன் தலை நிமிர்ந்து நடக்கலாமாம்! எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்தே வந்தது. இல்லாத ஒருத்திக்காக என் தம்பி லாக்கப்பில் இருக்கிறான், புருஷன் கைவிட்டவள் என்று தெருவில் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டுகிறார்கள். அந்தப் பெண் நான்தான். இதில் எனக்கு வெட்கம் கிடையாது, பெருமைதான்.

இந்த வாக்குமூலத்தை எழுதும் ஏட்டையா முதலில் எழுதிப் படித்துக் காட்டியதில், கணவருடன் வள்ளத்தில் சென்றேன் என்று மட்டும் இருந்தது. கயிறு பிடித்து அவரை உயிரோடு மேலே கொண்டுவந்தது நான் என்று எழுதச் சொன்னேன். கேசுக்கு அது தேவையில்லை என்றார். எனக்குத் தேவை என்றேன். அதன் பின்பு பழையதைக் கிழித்துவிட்டு, நான் சொன்னபடியே புதிதாக எழுதினார். படிக்கக் கேட்டேன், ஒரு சொல்லும் பொய்யில்லை, என் கைப்பட ஒப்பமிட்டேன்.

(ஒப்பம்) ரோ. சவேரியம்மாள்