ரெண்டு மெஷினுக்கும் ஒரே நம்பர்

"ரெண்டு மெஷினும் தங்களுக்குள்ள மட்டுந்தான் பேசிக்கணும். வெளிய ஒருத்தருக்கும் கேக்கக் கூடாதுங்க."

தருமபுரியிலிருந்து கடத்தூர் போகும் பஸ்ஸில், முன் இருக்கைப் பெண் தன் கணவரிடம் இப்படிச் சொன்னதும் என் காது அங்கே போய்விட்டது. பெங்களூரில் இன்டர்வியூ முடித்துவிட்டு ரயிலில் வந்து இறங்கியவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"எந்த மெஷினு?"

"கம்ப்யூட்டருங்க. ஒரே லேப்டாப்புக்குள்ள ரெண்டு கம்ப்யூட்டர் ஓடற மாதிரி. அது ரெண்டுக்கும் நடுவுல தனி நெட்வொர்க் போட்டுக் காட்டச் சொன்னாங்க."

"அதத்தான் வூட்ல தெனமும் போட்டுப் பாப்பியே?"

"அங்க அவசரத்துல தப்புப் பண்ணிட்டேங்க. போன் நம்பர் மாதிரி ஒவ்வொரு மெஷினுக்கும் வேற நம்பர் வெக்கணும். நான் ரெண்டுக்கும் ஒரே நம்பர வெச்சிட்டேன். ரெண்டும் பேசவே இல்ல."

"அப்பறம்?"

"அரமணி நேரம் தேடுனேன். அவங்க பாத்துக்கிட்டே உக்காந்திருந்தாங்க. கடசில நானே கண்டுபுடிச்சு மாத்துனேன்."

"போவட்டும் வுடு. வேற எடம் பாக்கலாம்."

"திங்கக்கெழம வந்து சேரச் சொல்லிட்டாங்க. யாரையும் கேக்காம தப்பக் கண்டுபுடிச்சதாலதான் எடுத்தோம்னாங்க."

கணவர் சட்டென்று திரும்பினார். "இத ரயில்ல இருந்து எறங்குனதுமே சொல்றதுக்கென்ன?"

"சொல்லத் தெம்பில்லீங்க. மூணு வருசமாத் தேடி, கெடச்ச அன்னிக்குச் சந்தோசப்படக்கூட முடியல."

"சரி, தூங்கு. ஊரு வந்ததும் எழுப்பறேன்."

அந்தப் பெண் சன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினார். மூடியபடியே சொன்னார்: "வேல கெடச்சத நம்ம பாப்பாகிட்ட நீங்க சொல்லிராதீங்க. நான் சொல்லிக்கறேன்."