கிளப் ஹவுஸ் கழிப்பறைச் சாவி

தலைமையையும் தூக்கத்தையும் ஒருசேரத் தாங்கி அமர்ந்திருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் சத்தியநாதன் அவர்களே! மேடவாக்கத்துக்கு அறிவொளி பாய்ச்ச வந்திருக்கும் மருத்துவர் ஜோஸ்வின் அவர்களே! சாவிக்கொத்தைச் செங்கோலாய்ச் சுமக்கும் செயலாளர் ஷ்யாம்சுந்தர் அவர்களே! பெரியோரே, தாய்மாரே, தண்ணீர் லாரி வந்துவிட்டதா என்று எட்டி எட்டிப் பார்க்கும் பி பிளாக் அன்பர்களே! நன்றியுரை சொல்ல வந்திருக்கும் முன்னாள் தமிழாசிரியை, இந்நாள் சி பிளாக் ரத்தினபாயின் வணக்கம்!

என்ன அருமையான உரை! நம் உடம்பிலிருந்தே ஸ்டெம் செல்லை எடுப்பார்களாம், வளர்ப்பார்களாம், பழுதான சிறுநீர்ப்பையைச் செப்பனிடுவார்களாம். ஆராய்ச்சி நடக்கிறது, எல்லோருக்கும் கிடைக்க நாளாகும் என்று டாக்டரும் ஒளிக்காமல் சொன்னார். கைதட்டினோம். கை வலிக்கத் தட்டினோம்!

அப்போது கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. நம் படிக்கட்டைப் பெருக்கி, நம் குப்பையைச் சுமக்கும் காந்திமதியின் கை.

"டாக்டர் சார், அடக்கி அடக்கி எனக்குப் பை தளர்ந்துபோச்சுன்றாங்க. தானா வர்ல. வூட்ல ட்யூப் போட்டுத்தான் எடுக்குறேன். இந்தச் செல்லு வெச்சா சரியாவுமா?"

டாக்டர் என்ன சொன்னார்? "அது வர்ற வரைக்கும் நேரம் தவறாம எடுத்துடுங்கம்மா. விட்டா கிட்னி போயிடும். வேலை செய்ற இடத்துல சுத்தமான டாய்லெட் இருக்குல்ல?"

காந்திமதி செயலாளரைப் பார்த்தாள். செயலாளர் மின்விசிறியைப் பார்த்தார்.

இருக்கிறதே டாக்டர்! கிளப் ஹவுஸில் பளிங்காய் இருக்கிறது, பளபளவென்று இருக்கிறது, பூட்டியே இருக்கிறது! 'குடியிருப்போருக்கு மட்டும்' என்று பலகை வேறு. ஏன் என்று கேட்டேன். "லாரித் தண்ணி மேடம், எல்லாரையும் விட்டா கட்டுப்படியாகாது" என்றார் செயலாளர். அடடா! கார் கழுவக் கட்டுப்படியாகும், நாய் குளிக்கக் கட்டுப்படியாகும், காந்திமதி உள்ளே போனால் மட்டும் மேடவாக்கமே வறண்டுவிடும்! யாரங்கே சிரிப்பது? உங்கள் நாயைத்தான் சொல்கிறேன், சுப்ரமணியன் சார்.

அவள் என்ன செய்கிறாள்? தண்ணீரே குடிக்காமல் வேலைக்கு வருகிறாள். பெரும்பாக்கத்தில் தன் வீடு போய்ச் சேரும்வரை அடக்கிக்கொள்கிறாள்.

சற்றுமுன் டாக்டர், "ரெஸ்ட் ரூம் எங்கே?" என்றார். என்ன ஓட்டம்! என்ன பதற்றம்! சால்வை போர்த்தாத குறையாகச் சாவியை நீட்டினார்கள். டாக்டர் குரோம்பேட்டைக்காரர் ஆயிற்றே, பலகை அவரைத் தடுத்ததா? தண்ணீர்தான் தீர்ந்ததா?

செல்லிலிருந்து உறுப்பை வளர்க்கத் துணிந்துவிட்ட காலமய்யா இது! ஒரு பூட்டைத் திறக்க நமக்கு மனசு வளரவில்லையே! எனக்கு வெட்கமாக இருக்கிறது. கோபமாகவும் இருக்கிறது.

திரும்பி வந்த டாக்டர், பக்கத்து நாற்காலியில் இருந்த என்னிடம் சாவியைக் கொடுத்துவிட்டார். கையை நீட்டாதீர்கள் செயலாளரே, தரமாட்டேன். காந்திமதி, வாம்மா. கைப்பையில் ட்யூப் வைத்திருக்கிறாய் அல்லவா? டாக்டர் சொன்ன நேரம் தாண்டிப்போயிற்றே, இந்தா, முதலில் போய் வா.

"வாணாம் மேடம்... சார் திட்டுவாரு."

திட்டட்டும் தாயே, மைக் என்னிடம்தான் இருக்கிறது! நீ வரும்வரை இந்தக் கூட்டம் காத்திருக்கும், தேசிய கீதமும் காத்திருக்கும்.

அவளுக்கு வழிவிட்டு எழுந்த பி பிளாக் அன்பர்களுக்கு நன்றி. உறங்காமல் கேட்டவர்களுக்கும் நன்றி. எல்லோருக்கும் வணக்கம். போகும்போது அந்தப் பூட்டை நான் வீட்டுக்கு எடுத்துப் போகிறேன்.