வர்த்தனுஷோட அம்மா

ரொம்ப காலத்துக்கு முந்தி, கலிபோர்னியாவுல ஃப்ரெஸ்னோன்னு ஒரு ஊராம், சுத்தி எங்க பாத்தாலும் திராட்சைத் தோட்டமாம். நம்ம பூங்கோதை வாக்கப்பட்டுப் போயிருக்காளே, அதே ஊருதான். அங்க ஆர்மீனியருங்க ஒரு தெரு நெறைய வந்து குடியேறினாங்களாம். எல்லாம் துருக்கியிலேர்ந்து உசுரு தப்பி வந்தவங்க. அந்தக் காலத்து சர்க்கார் அந்த ஜனத்தை ஊர் ஊரா வெரட்டி, பாலைவனத்துல நடக்கவிட்டே கொன்னுதாம். பாவிங்க.

அதுல தப்பிச்சவ ஒருத்தி வர்த்தனுஷ். பூங்கோதையைக் கட்டுன நம்ம மாப்பிள்ளையும் அந்த ஜனந்தான், அவரு வம்சத்துக்கே மூத்தவ. ஊரை விட்டுக் கெளம்புறப்ப அவ அம்மா ஒரு துணியைத் தயிர்ல முக்கிக் காயவச்சு, மக இடுப்புல சுத்திவிட்டாளாம். அம்மா வழியிலயே போய்ச் சேந்துட்டா. துணி மட்டும் இவளோட கப்பலேறி வந்துச்சாம். வெதுவெதுன்னு இருந்த பால்ல அதைப் போட்டாளாம், உறைஞ்சுதாம். அத்தனை நாள் கழிச்சு எப்படி உறையும்னு என்னைக் கேக்காதீங்க. சம்பந்தியம்மா சொன்னாங்க, நான் சொல்றேன்.

அம்மான்னு அவளுக்கு மிஞ்சினது அந்தத் தயிர்தான். பொத்திப் பொத்தி வச்சிருந்தாளாம். அவங்களுக்கும் நம்மள மாதிரியே, பொழுது சாஞ்சா உறைமோர் வெளிய குடுக்கக் கூடாது. குடுத்தா வீட்டோட வளம் போயிடுமாம்.

ஒரு நாள் வெளக்கு வச்சப்புறம் ஷுஷான்னு ஒருத்தி கிண்ணத்தோட வந்து நின்னாளாம். அன்னைக்குத்தான் எதுத்த வீட்டுக்குக் குடிவந்தவ. புள்ளைக்கு வயித்தால போகுது, துளி உறைமோர் குடுங்கன்னாளாம். காலையில வான்னு சொல்லி இவ கதவைச் சாத்திட்டாளாம். சாத்திட்டாளே ஒழிய மனசு கேக்கல. கிண்ணம் நெறைய தயிரோட பின்னாடியே ஓடுனாளாம்.

தெருவே தடுத்துதாம். வேணாண்டி, இருக்குறதும் போயிடும்னாங்களாம்.

வர்த்தனுஷ் சொன்னாளாம்: "எங்க ஊர்ல ஒருத்தியும் பொழுது சாஞ்சு உறைமோர் குடுத்ததில்ல. எந்த வீடு மிஞ்சிச்சு?"

சொல்லிட்டு அந்தப் புள்ளைக்காரி கையில கிண்ணத்தைக் குடுத்துட்டாளாம்.

அன்னையிலேர்ந்து யார் எந்நேரம் கேட்டாலும் குடுத்தாளாம். ரெண்டு வருஷம் கழிச்சு அடிச்ச வெயில்ல அவ சட்டித் தயிரே கெட்டுப் புழு வச்சிடுச்சாம். அம்மாவ மறுபடி பறிகொடுத்த மாதிரி அழுதாளாம். சேதி போச்சு. அன்னைக்கு வெளக்கு வச்சப்புறம் பதினோரு வீட்டுலேர்ந்து பதினோரு கிண்ணம் வந்துச்சாம். எல்லாம் அவ குடுத்த உறையிலேர்ந்து வந்ததுதான். என்னுதுதான் ஒங்கம்மா தயிர், என்னுதுதான்னு அவளுங்களுக்குள்ள சண்டை வேற. வர்த்தனுஷ் அழுதுகிட்டே சிரிச்சுட்டாளாம்.

இன்னிக்கும் அந்தத் தெருவுக்குப் புது மருமக வந்தா, மொத நாளே வெளக்கு வச்சப்புறம் கிண்ணத்தைக் குடுத்துப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புவாங்க. நம்ம பூங்கோதையும் போனா. ஆனா தயிர்னு கேக்கக் கூடாதாம். "வர்த்தனுஷோட அம்மா இருக்காங்களா"ன்னு கேக்கணுமாம்.

அந்த வீட்டுக்காரி சொன்னாளாம்: "இருக்காங்க, உள்ள வா."