ஏழாம் நம்பர் அறை

எங்கள் டெக்சஸ் கோயிலில் அர்ச்சனைக்கு நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஓர் இளம் தம்பதி. புதிதாக வாங்கிய பழைய வீட்டில் வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுகிறார்களாம். அவள் மாசமாக இருந்தாள்.

"பூஜை ரூம் கதவுல ஏழுன்னு நம்பர் ஏன் இருக்குன்னு இப்பத்தானே தெரியுது," என்றாள்.

"மெதுவா பேசு."

"மாடியில எல்லா ரூமுக்கும் நம்பர்! மாடு ஓட்டிட்டு வந்த கவ்பாய்ங்க காசு கொடுத்துப் பொண்ணுங்ககிட்ட போன வீடாம். அந்தத் தெருவே அப்படித்தானாம். பக்கத்து வீட்டுக்காரம்மா சிரிச்சுக்கிட்டே சொல்றா."

"அது நூறு வருஷத்துக்கு முந்தியம்மா. பெயின்ட் அடிச்சா தெரியாது."

"பெயின்ட் அடிச்சா போயிடுமா? அங்க எப்படிங்க புள்ளைய வளர்ப்பேன்?"

அவள் கையிலிருந்த தட்டில் தேங்காய் உருண்டது.

குருக்கள் கேட்டதும், கணவர் இருவர் பேரும் நட்சத்திரமும் சொன்னார்.

"இன்னொரு அர்ச்சனை பண்ணணும்," என்றாள் அவள்.

"யாருக்கும்மா?"

"எங்க வீட்ல முன்னாடி இருந்த பொண்ணுங்களுக்கு. பேரு யாருக்கும் தெரியல."

"அப்போ சுவாமி பேருக்கே பண்ணிடறேம்மா."

தீபாராதனையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டதும் கணவர் அவளிடம் தயங்கிக் கேட்டார்: "வெள்ளிக்கிழமை பால் காய்ச்சலாமா?"

"காய்ச்சலாம். அந்தக் கதவுக்கு மட்டும் பெயின்ட் அடிக்காதீங்க."